டர்ன்டேபிளுக்கு ஒரு வால்வு போனோ ப்ரீஆம்ப்

டர்ன்டேபிளின் சிக்னலைப் பெருக்க நானே செய்துவந்த வால்வு (வெற்றிடக் குழாய்) போனோ ப்ரீஆம்ப் ஒருவழியாக முடிந்து இப்போது தினமும் ஓடுகிறது. இதில் இறங்கக் காரணம் 'ச' என்ற எழுத்து. என்னிடம் இருப்பது ஆடியோ-டெக்னிகாவின் எல்பி120எக்ஸ் டர்ன்டேபிள், அதோடு வந்த விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சிக்னலாக்கும் பகுதி). அதை எழுபதுகளில் வந்த ஒரு ஜப்பானிய ரிசீவரின் போனோ உள்ளீட்டில் மாட்டிக் கேட்டுவந்தேன். எண்பதுகளில் எக்கோ வெளியிட்ட இளையராஜா தட்டுகளில் ஜானகி 'ச' உச்சரிக்கும் இடமெல்லாம் காதில் குத்தியது. ஊசியைச் சுத்தம் செய்து, எடையை 2 கிராமில் வைத்து, கோணத்தையும் சரிபார்த்துவிட்டேன். குத்தல் போகவில்லை. மிச்சம் இருந்தது ரிசீவருக்குள் இருக்கும் போனோ பகுதிதான்.

போனோ ப்ரீஆம்புக்கு இரண்டு வேலை. கார்ட்ரிட்ஜ் தரும் 4 மில்லிவோல்ட்டைக் குறைந்தது 100 மடங்காவது பெருக்க வேண்டும். அப்புறம், தட்டு வெட்டும்போது வேண்டுமென்றே குறைத்த கீழ் ஸ்தாயியை ஏற்றி, ஏற்றிய மேல் ஸ்தாயியை இறக்க வேண்டும். 1954இல் ஆர்ஐஏஏ என்ற பொது வளைவு வந்ததிலிருந்து எல்லோரும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். 1,000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்தால், 20 ஹெர்ட்ஸில் 19.3 டெசிபல் ஏற்றம், 20,000 ஹெர்ட்ஸில் 19.6 டெசிபல் இறக்கம். இதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இந்த வளைவில் 17 டெசிபல் ஏறும். அதாவது உள்ளே நுழையும் உறுமல், பாட்டின் நடு ஸ்தாயியைவிட ஏழு மடங்கு கூடுதலாகப் பெருகி வெளியே வரும். வால்வு போனோ செய்பவர்களுக்குப் பாதி நேரம் இதோடு மல்லுக்கட்டுவதிலேயே போகும்.

நான் எடுத்தது எளிமையான சர்க்யூட். சேனலுக்கு இரண்டு பெருக்கும் கட்டம், நடுவில் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் மட்டும் கொண்ட ஆர்ஐஏஏ வடிப்பான். ஈசிசி83 வால்வுக்குள் இரண்டு டிரையோடு (தனித்தனியே பெருக்கும் பகுதி) இருப்பதால் இரண்டு வால்வில் ஸ்டீரியோ முடிந்துவிடும். அமெரிக்கப் பெயரில் இதே வால்வுதான் 12ஏஎக்ஸ்7. முதல் வால்வு இரு சேனல்களின் முதல் கட்டத்துக்கு, இரண்டாவது வால்வு இரண்டாம் கட்டத்துக்கு என்று பிரித்தேன். அப்படிச் செய்தால் மிக அமைதியான வால்வு ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும்.

அந்த ஒன்றைத் தேடித்தான் அலைந்தேன். புதிதாக வாங்கிய வால்வுகளில் ஒன்றைப் பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடித்தது போல 'ணங்' என்றது. ஈசிசி83 பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயர்களில் நிறைய இருந்த வால்வு. கோவில்பட்டியில் மைக் செட் ரிப்பேர் பார்த்துவந்த ஒரு பெரியவர் நினைவுக்கு வந்தார். "அண்ணாச்சி, ஈசிசி83 ஏதும் கிடக்கா?" என்று கேட்டதும், "இதுக்கெல்லாம் இப்போ யாரு தம்பி வாராங்க?" என்றபடி ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வைத்தார். அதில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் செய்த வால்வுகள் சில இருந்தன. ஒவ்வொன்றையும் மாட்டி, தட்டி, ஹெட்போனில் கேட்டுப் பார்த்ததில் ஒன்று அசாத்திய அமைதி. அது முதல் கட்டத்துக்குப் போனது. மணி அடித்த புது வால்வை இரண்டாம் கட்டத்தில் வைத்தேன். அங்கே சிக்னல் ஏற்கெனவே பெருகிவிட்டதால் பாட்டில் தொந்தரவு தெரிவதில்லை.

மின்வழங்கியை முதலிலிருந்தே தனிப் பெட்டியில் வைத்தேன். டிரான்ஸ்பார்மரைப் பக்கத்தில் வைத்தால் அதன் காந்தப்புலமே உறுமலாக நுழையும். இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு மீட்டர் கேபிள். வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு ஏசி வேண்டாம் என்று டிரான்ஸ்பார்மரின் 15 வோல்ட் சுருளிலிருந்து டிசி ஆக்கி, 7812 ரெகுலேட்டர் போட்டு 12 வோல்ட் கொடுத்தேன். வால்வு கேட்பது 12.6 வோல்ட், பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பதால் பிரச்சினை இல்லை. வால்வின் வெளியீட்டு முனையான பிளேட்டுக்கு 260 வோல்ட். செய்து பார்க்க நினைப்பவர்கள் இந்த எண்ணை மனதில் வையுங்கள்: ஸ்விட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டருக்குள் உயிர்வாங்கும் மின்சாரம் நிற்கும். அதை வடிக்க 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கெபாசிட்டருக்குக் குறுக்கே நிரந்தரமாகப் போட்டிருக்கிறேன். அதை நம்பியும் கை வைப்பதில்லை. மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் தொடுவேன்.

வடிப்பானில் போடும் கெபாசிட்டர்களை எல்சிஆர் மீட்டரில் அளந்து, இடதும் வலதும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகும் ஜோடிகளாகப் பொறுக்கினேன். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சேனல்கள் ஒத்துப்போகாவிட்டால் பாடகரின் குரல் நடுவில் நிற்காது.

முதன்முதலில் தட்டைச் சுழலவிட்டதும் தெரிந்துவிட்டது, குத்தல் இல்லை. 'ச' இப்போது 'ச'வாக மட்டும் இருந்தது. வால்வின் மகிமை என்று அங்கேயே எழுதி முடித்திருக்கலாம். ஆனால் எனக்குக் காரணம் தெரிய வேண்டும்.

விஎம்95இ சுருளின் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) 550 மில்லிஹென்றி. அது கேபிளின் கெபாசிட்டன்ஸோடும் (மின்தேக்கத் திறன்) ப்ரீஆம்பின் உள்ளீட்டுக் கெபாசிட்டன்ஸோடும் சேர்ந்து ஏதோ ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிரும், அந்த இடத்துச் சத்தம் தூக்கலாகும். கெபாசிட்டன்ஸ் மொத்தம் 100 முதல் 200 பிகோஃபாரடுக்குள் இருக்கட்டும் என்கிறது கார்ட்ரிட்ஜ் குறிப்பு. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டோன்ஆர்மின் வயரும் கேபிளும் சேர்ந்து 120 காட்டின. ரிசீவருக்குள் 220 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று நிரந்தரமாக இருந்தது. மொத்தம் 340. கணக்குப் போட்டால் ஒத்ததிர்வு 11,600 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. 'ச'வின் சீறல் கூர்மையாகும் இடத்துக்கு ரொம்பப் பக்கம் அது. வால்வு ப்ரீஆம்பின் உள்ளீட்டில் தனிக் கெபாசிட்டர் போடவில்லை. ஆனால் மில்லர் விளைவு என்று ஒன்று உண்டு. வால்வின் உள்ளீட்டு முனையான கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே இருக்கும் 1.6 பிகோஃபாரட், அந்தக் கட்டத்தின் சுமார் 60 மடங்குப் பெருக்கத்தால் வீங்கி 100 பிகோஃபாரடாக உள்ளீட்டில் தெரியும். அப்புறம் குட்டையான கேபிள் ஒன்று வாங்கிப் போட்டதும் மொத்தம் 190க்குள் அடங்கி, ஒத்ததிர்வு 15,000 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போய்விட்டது.

உறுதி செய்துகொள்ள வால்வு ப்ரீஆம்பின் உள்ளீட்டில் 150 பிகோஃபாரட் கெபாசிட்டரைத் தற்காலிகமாக ஒட்டிக் கேட்டேன். அதே பாட்டு, அதே இடம், குத்தல் திரும்பி வந்தது! ஆக, நான் கேட்ட மாற்றத்தில் பெரும்பங்கு கெபாசிட்டன்ஸுக்கு. வால்வுக்குச் செலவழிக்க யோசிப்பவர்கள் முதலில் தங்கள் கேபிளை அளந்து பாருங்கள் என்று அழுத்திச் சொல்வேன். கேபிளை மாற்றுவதிலேயே உங்கள் குறை தீர்ந்துவிடக்கூடும்.

சரி, அதற்கு மேல் வால்வால் என்ன கிடைத்தது? எனக்குக் கேட்பது ஒன்றுதான், ஆனால் அது பெரிது. பழைய தட்டின் கீறலும் தூசியும் ஒரு நொடித்துளியில் பெரிய சிக்னலைக் கிளப்பும். கொஞ்ச வோல்ட்டில் ஓடும் சர்க்யூட் அங்கே முட்டிக்கொண்டு திரும்ப நேரம் எடுத்தால் 'பட்' சத்தம் தடித்துக் கேட்கும். 260 வோல்ட்டில் ஓடும் ஈசிசி83இன் முதல் கட்டம் கிட்டத்தட்ட ஒரு வோல்ட்டையே உள்ளே வாங்கும், கார்ட்ரிட்ஜ் தருவதோ மில்லிவோல்ட் கணக்கில். அதனால் கீறல் சத்தம் சுருக்கமாக வந்து போய்விடுகிறது, பாட்டைக் கலைப்பதில்லை. என்னிடம் உள்ள காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத் தட்டு தேய்ந்து கரகரவென்று கிடப்பது. அதில் தவிலின் இடப்பக்கமான தொப்பியில் கழி விழும் அடிக்கும் வலந்தலையில் கூடு போட்ட விரல்களின் அடிக்கும் உள்ள வித்தியாசம் இப்போது கரகரப்பைத் தாண்டித் தெளிவாக வருகிறது. இதற்காகவே இத்தனை பாடும் படலாம்.

உறுமல் முழுக்கப் போகவில்லை. தட்டு ஓடாதபோது, வால்யூமை முக்கால் திருப்பி, ஸ்பீக்கரில் காதை வைத்தால் மெல்லக் கேட்கும். கேட்கும் தூரத்தில் ஒன்றும் இல்லை. டர்ன்டேபிளின் எர்த் வயரை ப்ரீஆம்பின் தரை முனையில் இறுக்கியதும், எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டுக்குக் கொண்டுவந்ததும் பெரிதும் உதவின.

அடுத்த வேலை 78 ஆர்பிஎம் தட்டுகளுக்கு. அவற்றில் பெரும்பாலானவை ஆர்ஐஏஏ வருவதற்கு முந்தியவை. ஆர்ஐஏஏ வடிப்பானில் மேல் ஸ்தாயியை இறக்கும் கெபாசிட்டரைத் துண்டிக்கச் சேனலுக்கு ஒரு ஸ்விட்ச் வைக்கப் பெட்டியில் ஏற்கெனவே துளை போட்டாயிற்று. டர்ன்டேபிளில் 78 வேகம் இருக்கிறது. அகலமான 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி மட்டும் வர வேண்டும். இதே கார்ட்ரிட்ஜ் வரிசையில் அது தனியாகவே கிடைக்கிறது.