நான்கு விநாடி போதும்

பாட்டைக் காதால் கேட்டே வாசிக்கப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: பாட்டை ஓடவிட்டு, அது ஓடும்போதே கீபோர்டில் தட்டித் தட்டித் தேடுவது. பத்து நிமிஷத்தில் எரிச்சல்தான் மிஞ்சும். தப்பான கட்டையின் சத்தம் காதில் விழுந்த உடனே, மனதில் இருந்த சரியான ஸ்வரம் கலைந்துபோகிறது.

நான்கு விநாடித் துண்டு ஒன்றை எடுங்கள். போடுங்கள், நிறுத்துங்கள், ஒரு மூச்சு சும்மா இருங்கள், பிறகு வாய்விட்டுப் பாடுங்கள். பாட வந்த பிறகுதான் கை கருவிக்குப் போகலாம். பாட வரவில்லையா, அந்தத் துண்டு இன்னும் காதில் ஏறவில்லை. விரலைக் குறை சொல்லிப் பயனில்லை. குரல் இனிமையாக இருக்க வேண்டாம், சுருதியில் நின்றால் சரி. கேள்வி ஞானம் என்று பெரியதாகச் சொல்கிறோமே, அதில் முக்கால்வாசி இந்தச் சும்மா இருக்கும் ஒரு மூச்சில்தான் நடக்கிறது.

அடுத்தது ஆதார சட்ஜம், அதாவது பாட்டு முழுவதற்கும் அடிப்படையான ‘ஸ’. பல்லவி முடிந்து குரல் ஓய்ந்து உட்காரும் இடத்தை முணுமுணுத்து, அதற்குரிய கட்டையைத் தேடுங்கள். இங்கே வழக்கமாகச் சறுக்குவது பஞ்சமத்தில், அதாவது ‘ப’வில். பஞ்சமமும் சுகமாகவே ஒட்டும் என்பதால் அதையே ‘ஸ’ என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவோம். சங்கராபரண ராகத்தில் அமைந்த பாட்டு என்றால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: நீங்கள் நினைத்த ‘ஸ’விலிருந்து ஏறிப் போகும்போது நிஷாதம் (‘நி’) ஒரு கட்டை கீழே இறங்கியிருக்கும், அதாவது கையில் ஹரிகாம்போதி என்ற வேறு ராகம் வந்திருக்கும். கிரகபேதம் (ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ‘ஸ’வாக வைத்து இன்னொரு ராகம் பெறுவது) தெரிந்தவர்களுக்கு இது பழைய சங்கதி.

சில பழைய ஒலிப்பதிவுகளில் எந்தக் கட்டையுமே சேராது. காதில் பழுதில்லை, டேப் ஓடிய வேகத்தில்தான் பழுது. 3 சதவீதம் வேகம் கூடினாலே சுருதி இரண்டு கட்டைகளுக்கு நட்டநடுவில் போய் நின்றுவிடும். கீபோர்டின் டியூனிங்கை 440 ஹெர்ட்ஸிலிருந்து 453 பக்கம் நகர்த்தினால் அந்த நடு இடம் கிடைக்கும். இல்லையென்றால் மென்பொருளில் பாட்டையே 50 சென்ட், அதாவது அரைக் கட்டை அளவு, இறக்கிக்கொள்ளலாம்.

வேகத்தைக் குறைத்துக் கேட்பது நல்லதுதான், ஆனால் அசல் வேகத்தில் 70 சதவீதம் போதும். பாதிக்கும் கீழே போனால் தாளத் தட்டுகள் இழுபட்டு, ஒரு அடி இரண்டாகக் கேட்கும்.

பேஸ், அதாவது பாட்டின் அடியில் ஓடும் தாழ்ந்த ஒலி, தனிக் கதை. பேஸ் கிதாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். போனின் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. 82, 123 என்று மேலே எழும் துணை அதிர்வுகளை வைத்து மூளைதான் அந்த அடி ஸ்வரத்தை ஊகித்துக்கொள்கிறது. அதனால் ஸ்வரம் சரியாக இருந்து ஸ்தாயி (மேல், கீழ் என்ற அடுக்கு) மட்டும் தப்பிப்போகும். நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு, பாட்டு முழுவதையும் 12 அரைஸ்வரம் (ஒரு முழு ஸ்தாயி) மேலே ஏற்றிப் பாருங்கள். பாடகர் அணில் மாதிரிக் கீச்சிடுவார், பரவாயில்லை. அதுவரை அடியில் உறுமிக்கொண்டிருந்த பேஸ் இப்போது தெளிவாகப் பாடும்.

பேஸ் கிடைத்தால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்து) பாதி கிடைத்த மாதிரி. அந்த ஸ்வரத்தின் மேல் மேஜர் கார்டு போடுங்கள், ஒட்டவில்லையென்றால் மைனர். இரண்டுமே ஒட்டவில்லையென்றால் பேஸ் அந்தக் கார்டின் மூல ஸ்வரத்தில் நிற்கவில்லை என்று சந்தேகப்படலாம். பேஸ் ‘இ’யில் (E) இருக்கிறது, ‘இ’ மேஜரும் மைனரும் கசக்கின்றன என்றால் ‘சி’ (C) மேஜர் போட்டுப் பாருங்கள், அதற்குள்ளும் ‘இ’ உண்டு. பல பாட்டுகளில் விடை அதுதான்.

கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) வரும் இடத்தில் கட்டை தேடுவதே தப்பு. தோடி ராகத்தின் காந்தாரத்தை மெதுவாக்கிக் கேளுங்கள்: ‘க’ என்று பாடுகிற குரல் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊஞ்சலாடிக்கொண்டிருக்கும், காந்தாரத்தில் நிற்பதே அரிது. கட்டையை அழுத்திப் பிடித்தால் அது தோடியாகவே ஒலிக்காது. கீபோர்டில் பிட்ச் வீல் (சுருதியை வளைக்கும் சக்கரம்) ஓரளவு உதவும். பெரும்பாலான கருவிகளில் அது மேலும் கீழும் இரண்டு அரைஸ்வரம் மட்டுமே நகரும்படி வைத்திருப்பார்கள். ஆட்டத்துக்கு அது போதும், பெரிய ஜாருக்கு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது) செட்டிங்கில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பிடித்ததைப் பாட்டோடு சேர்த்து வாசித்துப் பதியும்போது புளூடூத் ஹெட்போன் வேண்டாம். ஒலி நூறு மில்லிவிநாடிக்கும் மேல் பிந்தி வரலாம். உங்கள் தாளம் சரியாக இருந்தும் தப்பாகத் தெரியும். ஒயர் வைத்த ஹெட்போன், பதிவு மென்பொருளில் 128 சாம்பிள் பஃபர் (ஒலியைத் தேக்கி அனுப்பும் அளவு). கரகரப்பு கேட்டால் 256-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.