நத்தார் தொதல்: மூன்றாம் முறைதான் எண்ணெய் கக்கியது

தொதல் என்றால் அரிசி மா, கருப்பட்டி, தேங்காய்ப்பால் சேர்த்துக் கிண்டும் இனிப்பு. கடைத் தொதலில் எனக்கு எப்போதும் ஒரு குறை உண்டு. சீனியின் இனிப்புத்தான் முன்னுக்கு நிற்கும், தேங்காய்ப்பாலின் மணம் இராது. மட்டக்களப்புத் தாண்டவன்வெளி வீட்டில் அம்மம்மா நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, கிண்டிய தொதலில் அந்த மணம் மூடியைத் திறக்க முன்னமே வந்துவிடும். அவர் அளவு எதையும் எழுதி வைக்கவில்லை. இந்த மார்கழியில் நானே கிண்டிப் பார்ப்பதென்று இறங்கினேன்.

டிசம்பர் 6

பச்சையரிசி மா 250 கிராம், கித்துள் கருப்பட்டி அரைக் கிலோ, தேங்காய் 3. மழையில் விறகெல்லாம் நனைந்திருந்ததால் காஸ் அடுப்பு. கொதிக்கும் கருப்பட்டிப் பாகில் மாவைக் கொட்டினேன், கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. மசித்துச் சமாளித்தேன். ஒரு மணித்தியாலத்தில் இறுகிக் கறுத்ததும், சரி, பதம் வந்துவிட்டது என்று இறக்கினேன். மறுநாள் வெட்டினால் கத்தியோடு இழுபட்டு வந்தது. நாலாம் நாள் மேலே பூஞ்சணம்.

பெரியம்மாவிடம் சொன்னேன். "மனே, அது தொதல் இல்ல, களி. எண்ணெய் கக்கும் மட்டும் கை எடுக்கப்படாது" என்றார். யோசித்தால் விஷயம் அதுதான். பாலில் உள்ள தண்ணீர் வற்றினால்தான் எண்ணெய் பிரியும். தண்ணீர் மிஞ்சினால் ஒட்டும், இந்த மாரி ஈரத்தில் பூஞ்சணமும் பிடிக்கும்.

டிசம்பர் 13

தாச்சி மெல்லியது. அடிப்பிடித்துவிட்டது. முழுவதும் கருகல் மணம்.

டிசம்பர் 20

பெரியம்மாவின் கனத்த தாச்சி, நீளக் காம்பு மர அகப்பை, முற்றத்துத் தாழ்வாரத்தில் தேங்காய்ப் பொச்சும் சிரட்டையும் போட்ட அடுப்பு. மா அரைக் கிலோ, கருப்பட்டி 1 கிலோ, முற்றிய தேங்காய் 5, கஜு 100 கிராம், ஏலக்காய் 10, ஒரு சிட்டிகை உப்பு. கருப்பட்டியை இரண்டாம் பாலில் கரைத்து, மண் போக வடித்து, நன்றாக ஆறவிட்டேன். அதன் பிறகே மாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றினேன், ஒரு கட்டிகூட இல்லை. முதற்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டினோம். நானும் தம்பியும் மாறி மாறி.

ஒன்றரை மணித்தியாலம் வரை கூழ்தான், "பொத், பொத்" என்று வெடித்துக் கையில் தெறித்தது. பிறகு அந்தச் சத்தம் அடங்கியது. தொதல் தாச்சி ஓரத்தை விட்டுக் கழன்று, அகப்பையோடு ஒரே உருண்டையாகச் சுற்றத் தொடங்கியது. ஓரத்தில் முதலில் ஒரு மினுக்கம், கொஞ்ச நேரத்தில் பொன்னிற எண்ணெய் வளையமாகவே நின்றது. கஜுவையும் ஏலக்காய்த் தூளையும் போட்டு, எண்ணெயை அள்ளி அள்ளி எடுத்தோம், அரைக் கோப்பை வந்தது. தண்ணீரில் ஒரு துளி போட்டு உருட்டினேன். விரலில் ஒட்டவே இல்லை. இரண்டே முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது.

அந்த எண்ணெயையே தட்டத்தில் தடவி, தொதலைக் கொட்டி அழுத்தி, இரவு முழுக்க ஆறவிட்டேன்.

டிசம்பர் 21

துண்டுகள் விளிம்பு கலையாமல் வந்தன. மணம் அம்மம்மாவுடையதேதான். பெரியம்மா ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். ஏலம் கொஞ்சம் கூடிவிட்டதாம், அடுத்த முறை 6 போதும் என்றார்.

23ஆம் திகதி இன்னொரு தாச்சி ஏற்றவேண்டும். புளியந்தீவில் நள்ளிரவுப் பூசை முடித்து வருகிறவர்களுக்கு ஒரு தட்டம். நோன்புப் பெருநாளுக்குத் தவறாமல் எங்களுக்குத் தொதல் அனுப்பும் காத்தான்குடித் தோழி வீட்டுக்கு இன்னொன்று.