ஆழாக்கில் அளந்த பீச் காப்ளர்

வேலூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராகப் பணியாற்றிய என் பெரியம்மாவின் சமையல் நோட்டில், ஆற்காடு மக்கன் பேடாவுக்கும் முள்ளுக் கத்திரிக்காய்த் தொக்குக்கும் நடுவில், "பீச் காப்ளர்" என்ற தலைப்பின் கீழ் நான்கே வரிகள் இருக்கின்றன. ஒரு ஆழாக்கு மைதா, ஒரு ஆழாக்கு சர்க்கரை, ஒரு ஆழாக்கு பால், இரண்டு எலுமிச்சை அளவு வெண்ணெய், இரண்டு சின்ன ஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு டின் பீச் பழம். அதற்குக் கீழே "கலக்காதே" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு இட்டிருக்கிறார். எதைக் கலக்கக்கூடாது, ஏன் கலக்கக்கூடாது என்பதை அவர் எழுதவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவரும் இப்போது இல்லை.

அமெரிக்கப் பலகாரம் ஒன்று ஆழாக்குக் கணக்கில் எழுதப்பட்டிருப்பது வெளியூர்க்காரர்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். வேலூரில் வளர்ந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர், 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அவருக்கு முன்பிருந்தே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த குடும்பங்கள் ஆற்காட்டுப் பகுதியில் வாழ்ந்துவந்தன. அந்த வீடுகளோடு பழகியவர்களிடமிருந்து பெரியம்மா இதைக் கேட்டு எழுதியிருப்பார் என்பது என் ஊகம். கப் என்று அவர்கள் சொன்னதை நம் ஆழாக்காக மாற்றியது அவருடைய சொந்தக் கைவண்ணம்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கொழுந்தனாரிடம் இதன் பெயரைச் சொன்னதும், "காப்ளர்னா செருப்புத் தைக்கிறவரு ஆச்சே அண்ணி, அதை எப்படிச் சாப்பிடறது?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். வெந்த பிறகு மேற்பரப்பு கூழாங்கல் பாவிய தெருவைப் போல மேடும் பள்ளமுமாக இருப்பதால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. அது சரியோ இல்லையோ, பார்க்க அப்படித்தான் இருக்கிறது.

காப்ளர் கேக் அன்று; பை (pie) என்ற பலகாரமும் அன்று. பை என்றால் அடியில் மாவு அப்பளம்போல விரிந்திருக்க வேண்டும். காப்ளருக்கு அடி கிடையாது. ஆழமான பாத்திரத்தில் பழமும் மாவும் சேர்ந்து வேக, கரண்டியால் அள்ளிக் கிண்ணத்தில் போட்டுச் சூடாகச் சாப்பிடுவதுதான் முறை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இது வீட்டுச் சமையல். அங்கே ஜார்ஜியாவுக்குப் பீச் மாநிலம் என்றே பட்டப்பெயர் உண்டு. பிசைந்த மாவைப் பழத்தின்மீது உருண்டை உருண்டையாகக் கிள்ளிப் போடுவது ஒரு வகை. தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாகக் கரைத்த மாவை ஊற்றுவது இன்னொரு வகை. பெரியம்மாவுடையது இரண்டாவது. மைதா, சர்க்கரை, பால் மூன்றும் ஒரே அளவு என்பதால் எந்தப் பாத்திரத்தால் அளந்தாலும் விகிதம் மாறாது. அமெரிக்கக் கப் 240 மில்லி கொள்ளும். எங்கள் வீட்டுப் பித்தளை ஆழாக்கு அதைவிடச் சிறியது. இருந்தும் நோட்டில் இருந்த கணக்கு பிசகவில்லை.

பிசகியது பழத்தில்தான். பெரியம்மா பயன்படுத்தியது சர்க்கரைப் பாகில் ஊறிய டின் பழம். நான் வாங்கியது புதிய பழம். பீச் மரத்துக்குக் குளிர்காலத்தில் பல நூறு மணி நேரக் குளிர் கிடைத்தால்தான் பூக்கும் என்பதால் பாலாற்றங்கரை வெயிலில் அது காய்க்காது. கோடையில் இமாசலம் போன்ற வடமாநிலங்களிலிருந்து வரும் பழம்தான் இங்கே கிடைக்கிறது. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில், வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காக வங்க எழுத்தில் பெயர்ப்பலகை வைத்திருக்கும் கடைகளின் நடுவே நிற்கும் தள்ளுவண்டிகளில் நான் அதை வாங்கினேன். நீண்ட பயணத்தைத் தாங்க வேண்டும் என்பதற்காகக் கெட்டியாக இருக்கும்போதே பறிக்கப்பட்ட பழம் அது. சிவந்த கன்னத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. சிவப்பு வெயில் பட்டதைக் காட்டுமே தவிரப் பழுத்ததைக் காட்டாது. காம்புப் பக்கம் பச்சை நீங்கி மஞ்சள் ஓடியிருக்கிறதா என்று பார்ப்பதும், மூக்கருகே வைத்து வாசனை பார்ப்பதும்தான் நம்பத்தகுந்த வழிகள்.

மாங்காயை வைக்கோலில் பழுக்கவைத்துப் பழகிய நமக்கு இங்கே ஒரு தவறு நேர்கிறது. மாங்காயில் மாவுச்சத்து இருப்பதால் பறித்த பிறகும் அது சர்க்கரையாக மாறி, நாளாக நாளாக இனிப்பு ஏறும். பீச்சில் அப்படி மாறுவதற்கு மாவுச்சத்து சேமிப்பு இல்லை. அது வீட்டில் இரண்டு நாள் இருந்தால் மென்மையாகும், வாசனை கூடும், புளிப்பும் சற்றுத் தணியும். ஆனால் மரத்தில் ஏறாத இனிப்பு அரிசிப் பானையில் ஏறாது. இதை அறியாமல் நான் முதல் தடவை, நோட்டில் சொன்ன அளவுச் சர்க்கரையோடு நிறுத்திக்கொண்டேன். கிடைத்தது புளிக்குழம்பில் போட்ட கேக்கைப் போன்ற ஏதோ ஒன்று. டின் பழத்தில் சர்க்கரைப் பாகு ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்ததால் பெரியம்மாவுக்கு அந்த அளவு போதுமானதாக இருந்திருக்கிறது. இப்போது நான் ஒரு துண்டைத் தின்று பார்த்த பிறகே சர்க்கரை டப்பாவைத் திறக்கிறேன். 600 கிராம் பழத்துக்கு, நன்றாகப் பழுத்திருந்தால் 40 கிராம், புளிப்பாக இருந்தால் 80 கிராம் வரை மாவின் சர்க்கரைக்கு மேல் தனியாகச் சேர்க்கிறேன். டின் பழமானால் பாகை முழுவதும் வடித்துவிட்டு, பழத்துக்கென்று சர்க்கரை எதுவும் சேர்ப்பதில்லை.

பழுக்காத பீச்சைக் குளிர்பெட்டியில் வைப்பது இன்னொரு தவறு. கெட்டியான பழம் 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் பல நாள் கிடந்தால், பின்னர் வெளியே எடுத்தாலும் சாறு வற்றி, மாவு மாவாகி, வாயில் பஞ்சைப் போல நிற்கும். நம் வீட்டுக் குளிர்பெட்டி சரியாக அந்த வெப்பநிலையில்தான் ஓடுகிறது. காற்றுப் புகும் காகிதப் பையில் போட்டு மேசை மேல் வைத்தால் போதும். கத்திரி வெயில் காலத்தில் மறுநாள் மாலையே அழுத்தினால் விரல் பதியும்.

தோல் உரிப்பது எளிது, பழம் பழுத்திருந்தால். அடியில் பெருக்கல் குறி போலக் கீறிக் கொதிக்கும் தண்ணீரில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை விட்டு, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால், வெந்த தக்காளித் தோலைப் போல அது கழன்றுவரும். காய்ப் பழத்தில் இந்த வித்தை பலிக்காது. கத்தியால் சீவத்தான் வேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் வருபவை பெரும்பாலும் சதை கொட்டையோடு ஒட்டிக்கொள்ளும் ரகம் என்பதால், இரண்டாகப் பிளந்து திருகும் முயற்சியை விட்டுவிட்டு, மாம்பழத்தில் கன்னம் அரிவதைப் போல நான்கு பக்கமும் அரிந்துகொள்வது நல்லது. அரிந்த துண்டுகள் பழுப்பேறாமல் இருக்க ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கிறேன்.

நான் அரிந்துகொண்டிருந்தபோது என் மாமியார் அருகில் உட்கார்ந்து கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கழுவி முறத்தில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மிக்குழவியை எடுத்துக்கொண்டு, "ஏம்மா, நாட்டு வாதாங்கொட்டை மாதிரியே கீதே, உள்ள பருப்பு இருக்கும் இல்ல?" என்றார். பருப்பு இருக்கத்தான் செய்கிறது. பீச் வாதுமைக்கு நெருங்கிய உறவு. ஆனால் அந்தப் பருப்பில் இருக்கும் அமிக்டாலின் என்ற பொருள் வயிற்றுக்குள் போய்ச் சயனைடை வெளியிடும். இதைச் சொன்னதும் அத்தை குழவியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, கொட்டைகளைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத குப்பைக்கூடையில் கொண்டுபோய்ப் போட்டார்.

அரிந்த பழத்தைச் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, கால் ஸ்பூன் பட்டைப் பொடி ஆகியவற்றோடு அடிகனமான வாணலியில் நான்கைந்து நிமிடம் சூடாக்கினால் சர்க்கரை கரைந்து சாறு கசியும். பட்டை அதற்கு மேல் வேண்டாம். பிரியாணி நினைவு வந்துவிடும். சாறு மிக அதிகமாக இருந்தால் இரண்டு மூன்று கரண்டி எடுத்துத் தனியே வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் மாவின் அடிப்பாகம் கூழாக நின்றுவிடும்.

இனி அடிக்கோடிட்ட சொல்லுக்கு வருகிறேன். எட்டு அங்குலச் சதுரப் பாத்திரத்தில் 80 கிராம் வெண்ணெயைப் போட்டு, ஓவன் சூடேறும் நேரத்திலேயே உள்ளே வைத்து உருக்கிக்கொள்ள வேண்டும். ஒரு ஆழாக்கு மைதா, பேக்கிங் பவுடர், மாவுக்கான சர்க்கரை, உப்பு ஆகியவற்றை ஒன்றாகக் கலந்து, பாலை ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, அதை உருகிய வெண்ணெயின் நடுவில் ஊற்ற வேண்டும். வெண்ணெய் ஓரங்களில் ஏறி மாவின்மீது குளம் கட்டும். பார்க்கும் யாருக்கும் கரண்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றத் தோன்றும். எனக்கும் தோன்றியது, சுற்றினேன். அன்று கிடைத்தது நெய் கசியும், கனத்த, களி போன்ற ஒரு பலகை. மாவு தனியாகவும் வெண்ணெய் தனியாகவும் இருந்தால்தான், அடியிலும் ஓரத்திலும் தேங்கிய வெண்ணெயில் மாவு பொரிந்து, பணியாரத்தின் விளிம்பைப் போல மொறுமொறுப்பாகும். அதன் மேல் பழத்தைப் பரப்பும்போதும் கலக்கக்கூடாது. மேலே வைத்த பழம் கனத்தால் கீழே இறங்க, பேக்கிங் பவுடர் வெளியிடும் வாயுவால் மாவு பழத்தின் இடுக்குகளில் புகுந்து மேலே எழும்பும். வைக்கும்போது மேலே இருந்த பழம் வெந்தபின் அடியில் இருப்பதைக் காண்பதற்காகவே ஒரு தடவை இதைச் செய்து பார்க்கலாம். இந்த ஏற்றம் நிகழ வேண்டுமானால் பேக்கிங் பவுடர் உயிரோடு இருக்க வேண்டும். அரை ஸ்பூனை வெந்நீரில் போட்டால் நுரைத்துப் பொங்க வேண்டும், சும்மா கரைந்தால் புது டப்பா வாங்கிவிடுங்கள்.

180 டிகிரியில், மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் எரிய, கீழ்த் தட்டில் வைத்து 45 நிமிடம் வேக வேண்டும். எனக்கு மூன்றாம் முறை இருபதாவது நிமிடத்தில் மின்சாரம் போய்விட்டது. கதவைத் திறக்காமல் காத்திருந்தால் தப்பித்துக்கொள்ளும் என்று நம்பினேன். அரை மணி கழித்து மின்சாரம் வந்தபோது நடுவில் பாதி வெந்த மாவு குழிந்து அமர்ந்திருந்தது. மீண்டும் வேகவைத்தும் அது எழவில்லை. ருசியில் பெரிய குறை இல்லை என்றாலும் அதை விருந்தினருக்கு வைக்க மனம் வரவில்லை, நாங்களே தின்றோம். அதன்பின் சிறிய ஓவனில் செய்கிற நாட்களில் மாலை நேரத்தைத் தவிர்த்துக் காலையில் செய்கிறேன்.

வெந்துவிட்டதா என்று பார்க்கத் தென்னை ஈர்க்குச்சியைப் பழம் இல்லாத இடமாகப் பார்த்து நடுவில் குத்த வேண்டும். பழத்தில் குத்தினால் ஈரமாகத்தான் வரும், அதை நம்பி மேலும் வேகவைத்தால் ஓரம் கருகும். மேற்புறம் வெல்லப் பாகின் நிறத்துக்கு வந்து, ஓரத்தில் சாறு கொழகொழவென்று மெதுவாகக் குமிழ் விட வேண்டும். எடுத்தவுடன் பரிமாறினால் குழம்பாக ஓடும். இருபது நிமிடம் ஆறவிட்டால் சாறு இறுகிக் கரண்டியில் நிற்கும். ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் உப்புப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுச் செய்கிறார்கள். வேகும், ஆனால் மேலிருந்து சூடு விழாததால் முகம் வெளுத்தே இருக்கும்.

எங்கள் வீட்டில் வெனிலா ஐஸ்கிரீமுக்குப் பதில், குளிர்ந்த பாலாடையில் சிறிது சர்க்கரை அடித்துச் சூடான காப்ளர் மேல் வைக்கிறோம். அத்தை முதல் வாயைத் தின்றுவிட்டு, பாத்திரத்தின் நான்கு மூலைகளையும் பார்த்து, "மொறுமொறுன்னு கீற மூலையெல்லாம் யாருக்கு?" என்று கேட்டார். சதுரப் பாத்திரத்தில் மூலை நான்குதான். வீட்டில் நாங்கள் ஆறு பேர்.

பீச் வராத மாதங்களில் பங்கனபள்ளியை வைத்துச் செய்து பார்த்தேன். அது கரைந்து அல்வாவாகிவிடுகிறது. பாதி பழுத்த கிளிமூக்கு மாங்காய் மட்டும் உருக்குலையாமல் நிற்கிறது. அதற்குச் சர்க்கரை 100 கிராம் வேண்டும், எலுமிச்சைச் சாறு வேண்டாம். இந்த வாரத்துக்கென்று இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். வட்டப் பாத்திரத்தில் செய்வதா, சதுரத்தில் செய்வதா என்பதுதான் வீட்டில் இன்னும் தீராத வழக்காக இருக்கிறது.