பினாங்குத் துறையில் ஏழு மணி நேரம்

எங்கள் பயணக் கப்பல் பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறையை அடைந்தபோது காலை 9 மணி. மாலை 4 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். கப்பலில் விற்ற பேருந்துச் சுற்றுலாவை நாங்கள் வாங்கவில்லை. துறையின் வாசலைக் கடந்தாலே பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் தொடங்கிவிடுவதால், நடக்க முடிந்தவர்களுக்கு அது வீண் செலவு என்பதே என் எண்ணம்.

முதலில் எதிர்ப்படுவது விக்டோரியா அரசியின் மணிக்கூண்டு. அவர் அரியணை ஏறி 60 ஆண்டுகள் நிறைந்த 1897ஆம் ஆண்டின் நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடியென 60 அடி உயரத்தில் எழுப்பப்பட்ட அது, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சற்றே சாய்ந்து, இன்றும் அப்படியே நிற்கிறது. கார்ன்வாலிஸ் கோட்டையை வெளியிலிருந்து பார்த்ததே எங்களுக்குப் போதுமாயிருந்தது.

குயின் தெருவின் மகாமாரியம்மன் கோயிலைத் தொழுதுவிட்டு, இந்திய முஸ்லிம்கள் 1801இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வரை நிழல் பார்த்து நடந்தோம். மதிய உணவு நாசி கண்டார். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சோற்றையும் குழம்பையும் காவடித் தடியில் சுமந்து விற்றதால் வந்த பெயர் அது. பரிமாறுபவரிடம் "பஞ்சிர்" என்றால் போதும். மலாயில் வெள்ளம் என்று பொருள். மீன்குழம்பு, கோழிக்குழம்பு, பருப்பு என ஒவ்வொரு கரண்டியாகச் சோறு மூழ்கும்வரை ஊற்றுகிறார்.

பினாங்கு மலை ரயிலுக்கு ஆசைப்பட வேண்டாம். வரிசையே அரை நாளைத் தின்றுவிடும். மிஞ்சிய நேரத்தில் கடல்மேல் மரக்கால்களில் நிற்கும், சியூ என்ற சீனக் குலத்தாரின் குடியிருப்பைப் பார்த்துவிட்டு, சட்டையில் குழம்புக் கறையோடு 3.30க்குக் கப்பலேறினேன்.