படம் எந்த வயதுக்கு? சென்சாருக்குப் போகும் முன் பேச வேண்டியது

முதல் படம் எடுக்கும் தம்பி தங்கைகளிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "அக்கா, யு வாங்கணும்னா எதையெல்லாம் தூக்கணும்?" யு என்றால் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற சென்சார் சான்றிதழ். படம் யாருக்காக எடுத்தது என்று திருப்பிக் கேட்டால் கொஞ்ச நேரம் பேச்சே வராது. அதற்குப் பதில் தெரியாமல் சென்சாருக்குப் போய், கேட்ட இடத்தில் எல்லாம் வெட்டிக் கொடுத்துவிட்டு, ரிலீஸ் அன்று தியேட்டரில் வாடிப்போய் உட்கார்ந்திருந்த இயக்குநர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் இணை இயக்குநராக இருந்து, இப்போது சிறு படங்களின் போஸ்ட் புரொடக்‌ஷனையும் சென்சார் வேலையையும் பார்த்துக்கொள்கிறேன். வடபழனி, சாலிகிராமம் எடிட் அறைகள்தான் என் இருப்பிடம். தமிழ்ப் படங்களுக்கான தணிக்கை வாரிய (சென்சார்) மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவனில் இருக்கிறது. விண்ணப்பம், கட்டணம், கடிதப் போக்குவரத்து எல்லாம் இப்போது இ-சினிபிரமாண் என்ற இணையதளம் வழியாகத்தான்.

முதலில் இந்த யு மோகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. 2006ல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று மாநில அரசு அறிவித்தது. 2011ல் விதியை மாற்றி, யு சான்றிதழும் வேண்டும் என்றார்கள். யு கிடைக்கவில்லை என்றால் வரிவிலக்கு போச்சு. அந்தப் பணத்துக்காகத்தான் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு வெட்டுக்கும் தலையாட்டினார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கணக்கே மாறிவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. இன்னும் யு என்றால் குடும்பப் படம், யுஏ (சிறுவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்) என்றால் ஒரு படி மட்டம் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உண்மையில் இன்றைய வகைப்பாடு நமக்குச் சாதகமானது. 1983 வரை யு, ஏ (வயது வந்தோருக்கு மட்டும்) என்று இரண்டே வகைதான். அந்த ஆண்டு யுஏவும், மருத்துவர் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுமான எஸ் வகையும் சேர்ந்தன. 2023ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தியபோது யுஏவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். 2024 மார்ச்சில் புது விதிகளும் வந்தன. இந்த வயதுக் குறியீடு பெற்றோருக்கான வழிகாட்டுதல்தான். யுஏ 13+ படத்துக்குப் பத்து வயதுப் பையனை அப்பா அழைத்து வந்தால் தியேட்டர்காரர் தடுக்க வேண்டியதில்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை அனுமதிக்கக் கூடாது என்ற சட்டத் தடை ஏ படத்துக்குத்தான்.

பணம் இன்று நிற்பது யுவுக்கும் யுஏவுக்கும் நடுவில் இல்லை, யுஏவுக்கும் ஏவுக்கும் நடுவில். ஏ படத்தைத் தொலைக்காட்சியில் போட முடியாது, சாட்டிலைட் உரிமை விற்காது. 2023 திருத்தத்துக்கு அப்புறம், மாற்றங்கள் செய்து தொலைக்காட்சிக்கென்று தனிச் சான்றிதழ் வாங்கும் வழி இருக்கிறது. ஆனால் அது இன்னொரு சுற்று வேலை.

ஆகவே கதை விவாதத்திலேயே வயதைப் பேசிவிடுங்கள். சமீபத்தில் நான் வேலை பார்த்த ஒரு படம், கடலோர ஊர் ஒன்றில் எட்டாம் வகுப்பு படிக்கும் பெண்ணின் கதை. அவள் வயதுக்கு வருவதும், குடிகார அப்பாவிடம் அம்மா அடிபடுவதும் அதில் வருகிறது. அந்த வயதுப் பெண்கள் தியேட்டருக்கு வந்து பார்க்க வேண்டும் என்பதுதான் இயக்குநரின் ஆசை. எனவே எங்கள் இலக்கு யுஏ 13+ என்று ஸ்கிரிப்ட் மேசையிலேயே முடிவானது. யுவுக்காக அடியை மறைத்தால் கதை பொய்யாகும். 16+ ஆனால் யாருக்காக எடுத்தோமோ அவர்களின் பெற்றோரே தயங்குவார்கள்.

இனி காகித வேலை. இதில் உயிரை வாங்குவது சென்சார் ஸ்கிரிப்ட். ஷூட்டிங்குக்குக் கொண்டுபோன ஸ்கிரிப்டைக் கொடுத்தால் ஆகாது. எடிட் லாக் ஆன (இனி வெட்ட, ஒட்ட எதுவும் இல்லை என்று முடிவான) படத்தை ஓடவிட்டு, திரையில் என்ன கேட்கிறதோ அதை அப்படியே எழுத வேண்டும். டப்பிங்கில் நடிகர் தானாகச் சேர்த்த வசனம், கூட்டத்தில் யாரோ கத்தும் ஒரு வார்த்தை, பின்னணியில் ஓடும் டிவியின் குரல் எல்லாம் வர வேண்டும். பாடல் வரிகள் தனி. கதைச் சுருக்கம் தனி. இந்த வேலையைப் புதிதாகச் சேர்ந்த உதவி இயக்குநர் தலையில் கட்டிவிடுவது நம் ஊர் வழக்கம். நான் கூடவே உட்காருவேன். ஒவ்வொரு வசனத்தையும் எழுதும்போதுதான் எது காயப்படுத்தும், எது எந்த வயதுக்கு ஒவ்வாது என்பது நம் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது விலங்குகள். கதையில் ஆடு, மாடு, கோழி எது நடித்தாலும் விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். வாரியம் ஒரு காலத்தில் திருவான்மியூரிலேயே இருந்தது. 2018ல் ஹரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது. படப்பிடிப்புக்கு முன்பே அவர்களிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. மிருக மருத்துவரின் சான்று, உரிமையாளரின் ஒப்புதல் எல்லாம் ஸ்பாட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் ஆடு என்றால் அது கிராபிக்ஸ்தான் என்று காட்டும் ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். இந்த ஒரு காகிதத்துக்காக மொத்தப் படமும் காத்துக் கிடந்த கதைகள் கோடம்பாக்கத்தில் நிறைய உண்டு.

புகை பிடிக்கும் காட்சி இருந்தால் 2012 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் குறைந்தது 30 விநாடி விழிப்புணர்வுப் படம், 20 விநாடி எச்சரிக்கை, காட்சி ஓடும்போது திரையின் கீழே எச்சரிக்கை வாசகம் எல்லாம் வேண்டும். வாசகம் படத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும். சிகரெட் பிராண்டு தெரியவே கூடாது. தலைப்புப் பதிவுக் கடிதத்தைத் தயாரிப்பாளர் சங்கத்திலிருந்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

படம் முழுமையாக முடிந்த பிறகே போட்டுக் காட்ட வேண்டும். பின்னணி இசை, மிக்ஸிங், கலர் கரெக்‌ஷன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். "ஆர்ஆர் (பின்னணி இசை) மட்டும் பாக்கி, அப்புறம் சேர்த்துக்கலாம்" என்பதெல்லாம் செல்லாது. இசை மாறினால் ஒரு காட்சியின் பயமும் வன்முறையும் மாறிவிடும் என்பதால் இந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன்.

திரையிடல் ஒரு பிரிவியூ தியேட்டரில் நடக்கும், வாடகை நம்முடையது. 72 நிமிடத்துக்கு மேற்பட்ட படம் என்றால் ஆய்வு அதிகாரியோடு ஆலோசனைக் குழு உறுப்பினர்களும் சேர்ந்து பார்ப்பார்கள். குழுவில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். நாம் உள்ளே இருக்கக் கூடாது. படம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் கருத்தைத் தனியே எழுதிக் கொடுப்பார்கள். பிறகு விண்ணப்பதாரர் தரப்பை அழைத்துப் பேசுவார்கள். பெரும்பாலும் "இவற்றைக் குறைத்தால் இந்த வகை, குறைக்காவிட்டால் அடுத்த வகை" என்ற வடிவத்தில்தான் பேச்சு வரும்.

அந்த உரையாடலுக்கு இயக்குநரே போக வேண்டும். தயாரிப்பாளரை மட்டும் அனுப்பினால் அவர் தேதியை நினைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடுவார். எங்கள் படத்தில் சிக்கலான இடம், அப்பா பெல்ட்டால் அடிக்கும் காட்சி. அடி நான்கு முறை உடம்பில் விழுவது தெரிந்தது. 16+ என்ற பேச்சு எழுந்தது. இயக்குநர் சண்டைக்குப் போகவில்லை. அந்தக் காட்சி யாருடையது என்பதை மட்டும் விளக்கினார். அது அடுப்படி வாசலில் நின்று பார்க்கும் மகளுடையது, அடி விழும் ஷாட்கள் குறைந்தாலும் அவள் முகமும் அந்தச் சத்தமும் இருந்தால் போதும் என்றார். குழுவில் இருந்த ஓர் அம்மா, "சத்தம் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு அது என்னவென்று புரியணும்" என்றார். முதல் அடி மட்டும் இருக்கும், மீதி மூன்றுக்கும் மகளின் முகம் என்று முடிவானது. கேட்ட 13+ கிடைத்தது. அந்த மாற்றத்துக்குப் பிறகு காட்சி இன்னும் வலுவானது என்பது என் கருத்து. வயதைத் தெளிவாக வைத்துக்கொண்டு போனதால்தான் இப்படிப் பேச முடிந்தது. வயதுக்கு வரும் காட்சிகள் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. எனக்கு அதில் அவ்வளவு நிம்மதி.

வசனத்தில் மாற்றம் கேட்டால் மியூட் செய்வதைவிட வேறு சொல் போட்டு டப் செய்வது நல்லது. திடீரென்று ஒலி நின்றால் தியேட்டரே அந்தக் கெட்ட வார்த்தையைத் தன் பங்குக்குச் சொல்லிப் பார்க்கும். எனவே கெட்ட வார்த்தை வரும் இடங்களுக்கு மாற்றுச் சொல்லை டப்பிங்கின்போதே எடுத்து வையுங்கள். நடிகரின் கால்ஷீட்டுக்குப் பிறகு அலைய வேண்டாம்.

குழு கேட்ட வெட்டுகளை ஏற்றுக்கொண்டால் அவற்றைச் செய்து, எந்த இடத்தில் எவ்வளவு நீக்கினோம், எதைச் சேர்த்தோம் என்ற விவரத்தோடு சமர்ப்பிக்க வேண்டும். ஃபிரேம் குறைந்த இடத்தில் சவுண்ட் மிக்ஸையும் அதற்கேற்ப இழுத்துச் சரிசெய்ய வேண்டும். இதற்கு எடிட்டரும் சவுண்ட் என்ஜினியரும் அந்த வாரத்தில் கையில் இருக்கிறார்களா என்று முன்பே கேட்டுவையுங்கள். நீக்கப்பட்டவை எல்லாம் சான்றிதழின் இரண்டாம் பகுதியில் வரும்.

ஏற்கவில்லை என்றால் மறுஆய்வுக் குழு இருக்கிறது. முதல் குழுவில் பார்த்தவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். முதலில் காட்டிய அதே படத்தைத்தான், ஒரு மாற்றமும் இல்லாமல், அங்கேயும் காட்ட வேண்டும். அதற்கும் மேலே முன்பு தீர்ப்பாயம் ஒன்று இருந்தது. 2021ல் அதைக் கலைத்துவிட்டார்கள், இப்போது நேரே உயர் நீதிமன்றம்தான். வக்கீல் செலவும் காத்திருப்பும் ஒரு சிறு தயாரிப்பாளருக்குத் தாங்காது. திரைப்படம் தெரிந்தவர்கள் உட்காரும் ஓர் இடைநிலை அமைப்பு திரும்ப வர வேண்டும் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். முன்பு ஒரு தமிழ்ப் படத்துக்குக் கொடுத்த யு சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 1989ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. போராட்டம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை நெரிக்க முடியாது என்று சொன்ன முக்கியமான தீர்ப்பு அது. ஆனால் எல்லோராலும் டெல்லி வரை போக முடியாதே.

தேதி விஷயம். சான்றிதழ் கைக்கு வராமல் ரிலீஸ் தேதியைப் போஸ்டரில் போடாதீர்கள். அவசரத்துக்கு முன்னுரிமைத் திரையிடல் கேட்கும் வசதி புது விதிகளில் இருக்கிறது, ஆனால் அதை நம்பித் தேதி குறிக்கக் கூடாது. தேதி நெருங்கினால் பேரம் பேசும் வலு நம்மிடம் இருக்காது. அந்தப் பெல்ட் காட்சிக்கு அவ்வளவு பொறுமையாகப் பேச முடிந்ததற்குக் காரணம், நாங்கள் அப்போது தேதியே அறிவிக்கவில்லை.

சான்றிதழ் வந்த பிறகு சில சின்ன வேலைகள். அது படத்தின் தொடக்கத்தில் குறைந்தது 10 விநாடி திரையில் தெரிய வேண்டும். சான்று பெற்ற பதிப்பிலிருந்துதான் தியேட்டர் பிரதியை எடுக்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு பாட்டைத் தூக்கினாலும் தணிக்கை வாரியத்திடம் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும். தெலுங்கில் டப் செய்தால் அதற்குத் தனிச் சான்றிதழ். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்று வாங்கும் படங்களுக்கு, காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் ஆளுக்கொரு வசதியாவது செய்திருக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் வந்த வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சட்டத்துக்காக என்று இல்லாமல், மனதார அதைச் செய்யுங்கள். பார்வையற்றோருக்குத் திரையில் நடப்பதைச் சொல்லும் காட்சி விளக்க ஒலியை எழுத ஆள் வேண்டும், பணமும் ஒதுக்க வேண்டும், அதைப் பட்ஜெட்டிலேயே சேருங்கள்.

தியேட்டரில் போடும் டிரெய்லருக்கும் தனி விண்ணப்பம், தனிச் சான்றிதழ். யூடியூபில் வெளியிட்டதைத்தானே போடுகிறோம் என்று விட்டுவிடாதீர்கள். படத்துக்கு விண்ணப்பிக்கும்போதே அதற்கான வேலையையும் தொடங்கிவிட்டால் கடைசி வாரத்தில் ஓட வேண்டியிருக்காது.