பிளாஸ்டிக் குடத்தில் ஒரு குடவோலை

ஏழாம் வகுப்புக்குச் சோழர் பாடம் நடத்தும் வாரத்தில் எனக்குக் கொஞ்சம் மிடுக்கு வந்துவிடும். எங்கள் பள்ளியிலிருந்து உத்திரமேரூர் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919லும் 921லும் வெட்டியவை, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. பிள்ளைகள் சுவரில் விரலை ஓட்டி, தெரிந்த எழுத்து தட்டுப்பட்டால் 'ட' என்றும் 'ப' என்றும் கத்துவார்கள்.

திரும்பியதும் வகுப்பில் தேர்தல். சத்துணவுக் கூடத்துப் பிளாஸ்டிக் குடம்தான் பானை. ஓலைக்குப் பதில் நோட்டுத் தாள். எல்லார் பெயரையும் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வோம். கைதட்டல். 'அன்றே மக்களாட்சி கண்டவர்கள் நாம்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வெளியே வருவேன். பல ஆண்டுகள் இப்படியே ஓடின.

ஒருமுறை கல்வெட்டில் உள்ள தகுதி விதிகளோடு நடத்திப் பார்க்கத் தோன்றியது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பெரியவருக்காக எழுந்து நிற்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். அநேகமாக எல்லாரும் நின்றார்கள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவினருக்கும் இடமில்லை என்றேன். "சித்தப்பா செய்ததற்கு எங்கள் அப்பா என்ன செய்வார் ஐயா?" என்றான் ஒருவன். ஒரே சிரிப்பு. (அந்த விதியை இன்றைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.)

அடுத்தது, சொந்த மனையில் வீடு, வரி கட்டும் கால் வேலி நிலம். கால் வேலி என்றால் ஒன்றரை ஏக்கருக்கு மேல் என்று விளக்கியதும் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. நான்கு பேர் மிஞ்சினார்கள். வேதம் கற்றிருக்க வேண்டும் என்றபோது அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். அது பிராமணர் ஊர்ச் சபை. வயலில் இறங்கி உழுதவர் பெயர் ஓலையில் ஏறாது. இதை இத்தனை ஆண்டுகளில் நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் முதலிலிருந்தே எழவில்லை.

"நீ ஏனம்மா நிற்கவில்லை?"

"எங்கள் வீட்டில் பெரியவர் ஆயாதான் ஐயா. பெண்கள் பெயரை எழுதுவார்களா என்று நீங்கள் சொல்லவில்லையே."

எழுத மாட்டார்கள் என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

பருவத் தேர்வில் குடவோலையின் சிறப்புகளைக் கேட்டு ஐந்து மதிப்பெண் வினா. புத்தகத்தில் உள்ளதைப் பிசகாமல் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டு, 'எங்கள் வகுப்பில் ஒரு வீட்டுக்கும் ஓலை இல்லை' என்று சேர்த்திருந்தாள். விடைக்குறிப்பில் அதற்கு மதிப்பெண் கிடையாது. ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சிவப்பு டிக் போட்டேன்.