தை முதல் பங்குனி வரை: எங்கள் வளவுத் தோட்டம்

ஜனவரி 25, 2025. புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு மாவட்டம், இலங்கை

கார்த்திகையில் ஃபெஞ்சல் புயலோடு வந்த வெள்ளம் கிணற்றடி வாழைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. பொங்கல் முடிந்தும் மண் சேறாகவே கிடந்தது. இன்றுதான் பிடித்துப் பார்த்தால் கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. சரி, தொடங்குவோம் என்று நானும் இவரும் மண்வெட்டியை எடுத்தோம்.

வன்னியில் வீட்டுத்தோட்டத்துக்கு இதுதான் நல்ல காலம். மாரி ஈரம் காய முன்னர் நட்டால், சித்திரை வெயில் ஏறும்போது காய் பறித்துக்கொண்டிருக்கலாம். பிந்தினால் கிணறும் வற்றும், செடியும் வாடும்.

நாற்றுமேடை 3 அடிக்கு 6 அடி. மேலே வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தோம். மண்ணில் இருக்கிற பூஞ்சணம் செத்தால்தான் நாற்று அடியில் அழுகாது. ஆறிய பிறகு திருநெல்வேலி ஊதா என்ற இனக் கத்தரியும் மிளகாயும் போட்டோம். மகளுக்கு ஏழு வயது. ஒவ்வொரு மிளகாய் விதையாக எண்ணி வைத்தாள். எறும்பு இழுக்காமல் சுற்றிவரச் சாம்பல் தூவியது மாமி.

பெப்ரவரி 1

வெண்டி விதையை இரவே ஊறப்போட்டிருந்தேன். காலையில் வெண்டியும் பயிற்றையும் நேரே பாத்தியில் ஊன்றினோம். நாலு வயது மகன் ஒரு குழிக்கு ஒரு பிடி போட்டான். "ராசா, ரெண்டு காணும்" என்று மாமி சொல்லச் சொல்ல அவன் கேட்கவில்லை. நான் தடுக்கவில்லை. மிஞ்சி முளைப்பதைப் பிடுங்கலாம். அவன் ஆசையை முளையிலேயே பிடுங்க எனக்கு மனமில்லை.

பூசணிக்கு வேலியோரப் பள்ளத்தைத் தெரிந்தெடுத்தோம்.

"ஏனம்மா இந்த இடம் மட்டும் பதிஞ்சிருக்கு?" என்று மகள் கேட்டாள்.

2009 தொடக்கத்தில், போரின் கடைசி மாதங்களில், இவர் வீட்டார் பதுங்கியிருந்த பங்கர் அது. திரும்பி வந்த பிறகு மாமா சருகும் மண்ணும் போட்டு மூடினார். மூடிய மண் ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் இறங்கும். மறைக்காமல் சொன்னேன்.

"எத்தனை பேர் இருந்தீங்கள், அப்பம்மா?"

"ஒன்பது பேர், பிள்ளை." மாமி நிமிராமல் பூசணி விதையை மண்ணுக்குள் அழுத்திக்கொண்டிருந்தா.

பெப்ரவரி 5

"அம்மா, முளைச்சிட்டுது!" என்று மகன் விடியவே எழுப்பினான். குந்தியிருந்து பார்த்தோம். பயிற்றை முளை நேராக வருவதில்லை. கூனிய முதுகு முதலில் மண்ணை உடைக்கிறது. ஒரு சில்லு மண் மூடிபோல அதன்மேல் கிடந்தது. மகன் அதை எடுத்துவிடப் பார்த்தான், கையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது மணிபோல் போனால் சில்லு பக்கத்தில் விழுந்திருக்கிறது, இரண்டு பருப்பும் விரிந்திருக்கின்றன.

பெப்ரவரி 22

நடுகை. பாத்திக்கு ஏற்கெனவே பூவரசங்குழை தாழ்த்தி, மேலே மாட்டெரு போட்டிருந்தோம். வெயில் சாய்ந்த பிறகுதான் நாற்றைக் கிளப்பினோம். கத்தரிக்கு வரிசைக்கு வரிசை 3 அடி, கன்றுக்குக் கன்று 2 அடி. இவ்வளவு இடமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். கத்தரி காலை நீட்டிப் படுக்கும் என்று இவர் சொன்னார்.

மார்ச் 8

பயிற்றை நுனியெல்லாம் கறுப்பு அசுவினிப் பூச்சி. மருந்து அடிக்க விருப்பமில்லை; பிள்ளைகள் பச்சையாகவே கடிக்கிறவர்கள். பனி காய முன்னர் அடுப்புச் சாம்பலைத் துணியில் கட்டித் தட்டினோம். முற்றாகப் போகவில்லை, ஆனால் குறைந்துவிட்டது.

மார்ச் 15

நாடு முழுவதும் இன்று பயிர் தின்னும் விலங்குகளின் கணக்கெடுப்பு. காலை 8 மணியிலிருந்து 8.05 வரை வளவுக்குள் நிற்கிற குரங்கு, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணி எழுத வேண்டும். மகள் பென்சிலோடு படியில் உட்கார்ந்தாள். மயில் மூன்று. குரங்கு இல்லை.

பதினொரு மணிக்குக் குரங்குக் கூட்டம் வந்தது. வெண்டியில் நாலு செடி முறிந்தது, பூசணிப் பிஞ்சு ஒன்றும் போனது. "இதையும் எழுதுவம், அம்மா" என்று மகள் அழுதாள். அந்த ஐந்து நிமிடத்தில் வந்ததைத்தான் எழுதலாம் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. நாங்கள் இழந்த பங்கு எவ்வளவு என்பது அந்தத் தாளில் வராது. ஆனாலும் கணக்கே இல்லாமல் இருப்பதைவிட இது நல்லது.

பின்னேரம் இவர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து பழைய மீன்வலை கொண்டுவந்து கட்டினார்.

மார்ச் 29

முதல் பறிப்பு. வெண்டி பதினொன்று, பயிற்றை ஒரு பிடி. வெண்டிக்காயின் நுனியை மாமி முறித்துப் பார்த்தா, 'டக்' என்று முறிந்தது. பிஞ்சுதான். பால்கறி வைத்தேன். வெண்டி என்றாலே தட்டை ஒதுக்குகிற மகன், தான் ஊன்றிய குழியில் காய்த்தது எது என்று கேட்டு, அதைத் தேடித் தின்றான்.

பங்கர்ப் பள்ளத்துப் பூசணி வேலிக்கு மேலால் போகிறது. நாளைக்கு அதன் கொடியைத் திருப்பிவிட வேண்டும்.